கோட்டைத்தலைவனைச் சிரிக்க வைக்கப் போன விடங்கன்

முன்னொரு காலத்தில், இன்று பெயர் சொன்னால் யாருக்கும் தெரியாத ஒரு நாட்டை வச்சிரவேலன் என்ற ராஜா ஆண்டுவந்தான். திடீரென்று அவனுக்கு அண்டை நாட்டு மலைக்கணவாய் மேல் ஆசை வந்துவிட்டது. அந்தக் கணவாயை அடைத்துக்கொண்டு ஓர் எல்லைக்கோட்டை நின்றது. உயர்ந்த மதில், அதைச் சுற்றி அகழி, அகழிக்கு இப்பால் முள்காடு. ராஜா பெரும்படை திரட்டிப் புறப்பட்டான். போன இடத்திலும் சிரிப்பு வேண்டுமே என்று விகடகவி விடங்கனையும் கூட்டிக்கொண்டான்.

விடங்கன் சின்ன வயதில் பெரியம்மை கண்டு பிழைத்தவன். முகமெல்லாம் தழும்பு. தன் யோசனையைவிட இவன் பேச்சுக்கு ராஜா காது கொடுக்கிறானே என்று படையை நடத்தும் தளவாய் ரணசூரனுக்கு வயிற்றெரிச்சல்.

படை முள்காட்டை வெட்டிச் சாய்த்தது. அகழியின் மேல் மூங்கில் பாலம் போட்டது. வில்லாளிகள் அம்பு விட்டார்கள். மதில் மேல் வரிசையாக நின்ற வீரர்களின் மார்பில் அம்புகள் தைத்தன. ஒருவனும் விழவில்லை. ஒருவனும் கத்தவில்லை. அங்கிருந்து ஒரு கல்கூடத் திரும்பி வரவில்லை. நடுவில் கொம்பு வைத்த தலைக்கவசத்தோடு நின்ற கோட்டைத்தலைவன், கழுத்தில் அம்பு தைத்த பிறகும் அசையாமல் இவர்களையே பார்த்துக்கொண்டிருந்தான்.

ஏணி தூக்கி வந்தவர்கள் அதை அப்படியே போட்டுவிட்டு ஓடிவந்தார்கள். "அது மனுசப் படை இல்லை" என்ற பேச்சு கூடாரம் கூடாரமாகப் பரவியது. காற்றடிக்கும் போதெல்லாம் மதிலிலிருந்து கடகடவென்று ஒரு சத்தம் வேறு வந்தது. சோறு வெந்தும் யாரும் சாப்பிடவில்லை.

ராஜா கொதித்துப்போனான். ரணசூரன் இதுதான் சமயம் என்று எழுந்தான்.

"மகாராஜா, அந்தத் தலைவன் முகத்தில் சலனமே இல்லை. அவன் கலங்கினால் அவன் படையும் கலங்கும். கல்லையும் சிரிக்கவைப்பேன் என்று சபையில் பெருமை பேசும் விடங்கன் இருக்க, நமக்கென்ன கவலை? அவனைச் சிரிக்க வைத்துவிட்டு வரட்டும்."

"நல்ல யோசனை!" என்றான் ராஜா. "விடங்கா, போய்வா. அவன் சிரிக்காவிட்டால் உன் தலை உன்னுடையது அல்ல."

"உத்தரவு பிரபு" என்றான் விடங்கன்.

காலை மூடுபனி விலகும் நேரம் பாலத்தைக் கடந்தான். மதிலடியில் நின்று ஒரு குட்டிக்கரணம் போட்டான். கழுதை போலக் கத்தினான். மேலே ஒரு காக்கை பறந்து வந்து தலைவனின் கவசத்தில் உட்கார்ந்தது. குனிந்து அவன் முகத்தைக் கொத்தியது. அவன் கையை உயர்த்தவில்லை.

விடங்கன் கூத்தை நிறுத்திவிட்டு, கோட்டையின் பெரிய கதவிலிருந்த சின்னத் திட்டிவாசல் கதவைத் தட்டினான்.

"போயிரு" என்று உள்ளேயிருந்து ஒரு பெண்குரல் வந்தது. "இங்கே எல்லாருக்கும் அம்மை போட்டிருக்கு."

"எனக்கு எப்போதோ போட்டுவிட்டது தாயே. என் முகத்தைப் பார்."

கதவு இடுக்கில் ஒரு கண் தெரிந்தது. பிறகு கதவு திறந்தது. வேலம்மை என்ற அந்தப் பெண்ணின் முகத்தில் புண்கள் இன்னும் முழுதாக ஆறவில்லை. அவளுக்குப் பின்னால் நாலைந்து பெண்கள், மெலிந்த குழந்தைகள். அவ்வளவுதான் கோட்டை.

"மேலே நிற்கிற தலைவர் என் வீட்டுக்காரர்" என்றாள் அவள். "உயிர் போகும்போது அவரே சொன்னார், 'என்னை ஈட்டியோடு சேர்த்துக் கட்டி மதில்மேல் நிறுத்து. நான் நிற்பது தெரிந்தால் எதிரி கிட்டே வரமாட்டான்' என்று. அப்புறம் செத்தவர்களை எல்லாம் அப்படியே நிறுத்தினோம். புள்ளைகளுக்குக் கஞ்சி காய்ச்ச அரிசி இல்லை ஐயா."

விடங்கன் படியேறிப் போனான். காற்றில் கவசங்கள் ஒன்றோடொன்று உரசிக் கடகடத்தன. தலைவனின் முகத்தை அருகில் பார்த்தான். பிறகு அவன் காலைத் தொட்டுக் கும்பிட்டுவிட்டு இறங்கினான்.

வரும் வழியில் ஓடையில் முழுகினான். துணியை எரித்தான். வேப்பிலைக் கொத்துகளை இடுப்பில் கட்டிக்கொண்டு, ராஜாவின் கூடாரத்துக்கு எட்டத்தில் நின்று குரல் கொடுத்தான்.

"பிரபு! கோட்டைத்தலைவர் சிரித்துக்கொண்டே இருக்கிறார். பல்வரிசை முழுவதும் தெரிகிறது. நிறுத்தச் சொன்னாலும் நிறுத்தமாட்டார்."

"பொய்!" என்று பாய்ந்தான் ரணசூரன். "என்ன சொல்லிச் சிரிக்க வைத்தாய்?"

"நான் எதுவும் சொல்லவில்லை தளவாய் அவர்களே. பெரியம்மை வந்து சிரிக்க வைத்துவிட்டுப் போயிருக்கிறது. உதடு இல்லாதவர் வேறு எப்படி இருப்பார்? பக்கத்தில் நிற்பவர்களும் அதே சிரிப்புத்தான். ஐயம் இருந்தால் தாங்களே முதலில் ஏறிப் பாருங்கள். ஏணியை நான் பிடித்துக்கொள்கிறேன். கொஞ்ச நாளில் தாங்களும் அவர்களோடு சேர்ந்து சிரிக்கலாம். பிறகு நம் படை. பிறகு ஊரில் நம் பிள்ளைகள்."

ரணசூரன் ஓரடி பின்வாங்கினான். முகத்தில் ரத்தமே இல்லை. அதைப் பார்த்ததும் ராஜாவுக்கு அடக்கமுடியாமல் சிரிப்பு வந்தது. வாய்விட்டுச் சிரித்தவன், பாதியில் என்ன நினைத்தானோ, சட்டென்று கையால் வாயைப் பொத்திக்கொண்டான்.

"சொன்னதைச் செய்துவிட்டாய் விடங்கா" என்றான் கடைசியில். "என்ன பரிசு வேண்டும்?"

"உள்ளே மிஞ்சியிருக்கிற பெண்டுபிள்ளைகளுக்குச் சில வண்டி அரிசியும், நிறைய விறகும், பிரபு. கோட்டை வாசலில் நானே கொண்டுபோய் இறக்குகிறேன். வேறு யாரும் கிட்டே வரவேண்டாம்."

ராஜா தன் பங்குக்கு நெய்யும் சந்தனக்கட்டையும் ஏற்றி அனுப்பினான்.

மறுநாள் பகல் முழுவதும் படை தூரத்தில் நின்று பார்த்தது. பெண்களும் விடங்கனுமாக மதில் மேல் நின்றவர்களை ஒவ்வொருவராக அவிழ்த்து இறக்கினார்கள். கடைசியாகத் தலைவன் இறங்கினான். மதில் வெறுமையானது. உள்ளேயிருந்து புகை எழுந்தது.

கோட்டை திறந்தே கிடந்தது. ஆனாலும் பாலத்தில் கால்வைக்க ஒருவனும் எழவில்லை. ராஜா குதிரையைத் திருப்பினான்.

ஊர் வந்து சேரும்வரை விடங்கனிடம் யாரும் வேடிக்கைக் கதை கேட்கவில்லை.