வெள்ளைக் காருக்கு ஒரு விரதம்

"காரு நல்லாத்தான் இருக்குது. அந்தாளு பேச்சுத்தான் பயமா இருக்குது," என்று மனைவியிடம் சொல்லிக்கொண்டே ஒருவர் கேட்டைத் தாண்டிப் போனார். அந்தப் பழைய கார் கடையில் கார் துடைக்கும் தெய்வானையின் காதில் அது விழுந்தது.

முதலாளி கந்தவேலுவின் காதில் விழவில்லை. வாங்க வருபவர்கள் பானெட்டைத் திறக்கச் சொன்னால், "என் மேல நம்பிக்கை இல்லீங்களா?" என்பார். ஓட்டிப் பார்க்கக் கேட்டால், "அடுத்த பார்ட்டி வந்துட்டிருக்குது, சட்டுனு முடிங்க," என்பார்.

"இவங்களும் வாங்காமப் போயிட்டாங்க. அந்த வெள்ளைக் காரைச் சனி பிடிச்சிருக்குது. எல்லாம் நீ துடைக்கிற ராசி! இன்னைக்குப் பொழுதுக்குள்ள அது விக்கலேன்னா நாளைக்கு வேலைக்கு வராத," என்று அவளிடம் பாய்ந்தார்.

"சரிங்க முதலாளி. சனின்னு நீங்களே சொல்லிட்டீங்க. அது விலகப் பொழுது சாயிற வரைக்கும் நீங்க மௌன விரதம் இருங்க. அப்பவும் விக்கலேன்னா நானே போயிடறனுங்க."

சாமி காரியம் என்றதும் கந்தவேலு நெற்றி நிறையத் திருநீறு பூசிக்கொண்டு வாயை மூடினார்.

மதியம் ஒரு டீச்சரம்மா வந்தார். தெய்வானை வெள்ளைக் காரின் சாவியை நீட்டினாள். "ஓட்டிப் பாருங்க. ஏசி குளிரக் கொஞ்சம் நேரமாகும். பின்கதவுல ஒரு நசுங்கல் இருக்குதுங்க."

கந்தவேலுவுக்கு விழி பிதுங்கியது. "ம்ம்ம்!" என்று கையை உதறினார்.

"அவருக்கு என்னம்மா?"

"விரதமுங்க."

டீச்சரம்மா ஊரை ஒரு சுற்றுச் சுற்றி வந்தார். "கேக்கறதுக்கு முன்னாலயே குறையைச் சொன்ன கடை இது ஒண்ணுதான்," என்று அங்கேயே முன்பணம் கட்டினார்.

மறுநாள் காலையில் இன்னொருவர் கார் பார்க்க வந்து நின்றார். கந்தவேலு வாயைத் திறந்தார். தெய்வானையைப் பார்த்தார். சாவிக்கொத்தை அவளிடம் கொடுத்துவிட்டு, அவள் கையிலிருந்த துணியை வாங்கிக்கொண்டு, வரிசையில் கடைசியாக நின்ற காரைத் துடைக்கப் போனார்.