நான் என்று தொடங்கும் ஓலை

ரொம்பக் காலத்துக்கு முன்னால் கொன்றைநாடு என்றொரு சீமையை வல்லபசேனன் என்ற ராஜா ஆண்டுவந்தார். நல்ல மனிதர்தான். ஆனால் கோபம் வந்துவிட்டால் கண் மண் தெரியாது. காலையில் பரிசு வாங்கியவன் மாலையில் சிறைக்குள் கிடப்பான். ஏனென்று அவனுக்கும் தெரியாது, ராஜாவுக்கும் தெரியாது.

அந்த வருஷம் ஐப்பசி மழை விடாமல் கொட்டியது. பெரிய ஏரி நிரம்பித் தளும்ப, மடைக்காவலன் செவத்தையன் உத்தரவுக்குக் காத்திராமல் தெற்கு மடையைத் திறந்துவிட்டான். மறுநாளே அவனைக் கட்டி இழுத்து வந்து அவையில் நிறுத்தினார் கோளரிராயர். ராஜாவுக்கு வலப்பக்கம் உட்காருகிற பிரபு அவர்.

"அரசே, உத்தரவில்லாமல் மடையில் கை வைத்திருக்கிறான். தங்கள் தந்தையார், மூத்த மகாராஜா காலத்தில் இப்படி ஒருவனுக்குத் துணிச்சல் வந்திருக்குமா?" என்றார் ராயர்.

ராஜாவுக்குக் காது மடல் சுட்டது. "இன்றைக்குப் பத்தாம் நாள் இவனைக் கழுவில் ஏற்றுங்கள்!"

அமைச்சர் மெதுவாக எழுந்தார்.

"உத்தரவு, அரசே. உயிரை எடுக்கிற தீர்ப்பு என்பதால் ஓலையில் அரசரே எழுதினால் நன்றாயிருக்கும்."

"எழுத்தர்கள் எதற்கு இருக்கிறார்கள்?" என்று சீறினார் கோளரிராயர். "எழுத்தாணி பிடிப்பது ராஜா வேலையா?"

"அரசருக்கு எழுத வராது என்கிறீர்களா ராயரே?" என்றார் அமைச்சர்.

ராஜா நிமிர்ந்தார். "யாருக்கு எழுத வராது? கொண்டா ஓலையை!"

"தீர்ப்பு மட்டும் போதாது அரசே," என்றார் அமைச்சர். " தினம் விடிந்ததும், முந்தின நாள் செய்ததை எழுத வேண்டும். ஒவ்வொரு வரியும் 'நான்' என்றுதான் தொடங்க வேண்டும். அடுத்தவர் செய்ததை எழுதக் கூடாது. ஓலையை வேறு யாரும் பார்க்க மாட்டார்கள். பத்தாம் நாள் இது வீண்வேலை என்று தாங்கள் சொன்னால், என் பதவியை ராயருக்குக் கொடுத்துவிடுங்கள். நான் நாட்டைவிட்டே போய்விடுகிறேன்."

ராயருக்கு உள்ளுக்குள் குளிர்ந்தது. "அருமையான யோசனை அரசே!" என்றார்.

மறுநாள் விடிந்ததும் ராஜா எழுத உட்கார்ந்தார். 'நான் செவத்தையனுக்கு மரண தண்டனை விதித்தேன்.' சுலபமாகத்தான் இருந்தது. அடுத்து, 'அவன் திமிர் பிடித்தவன்' என்று எழுதினார். அது 'நான்' என்று தொடங்கவில்லையே! கீறி அடித்தார். 'ராயர் சொன்னார்' என்று எழுதினார். அதையும் அடித்தார். வெகுநேரம் யோசித்துவிட்டு, 'நான் கோபப்பட்டேன். நான் அவனை ஒரு கேள்வியும் கேட்கவில்லை' என்று எழுதினார். எழுதியதைப் பார்க்கப் பார்க்க அவருக்கே என்னவோ போலிருந்தது.

மூன்றாம் நாள் எழுத்தாணியைத் தூக்கி எறிந்தார். அப்புறம் அவரே குனிந்து பொறுக்கினார். நான்காம் நாள், யானைப்பாகனை வேலையைவிட்டு விரட்டியதை எழுதினார். ஆறாம் நாள், விருந்துக்கு வந்த தூதனை வாசலிலேயே திருப்பி அனுப்பியதை எழுதினார்.

எட்டாம் நாள் எல்லா ஓலைகளையும் வரிசையாகப் பரப்பி வைத்துப் படித்தார். மூன்று ஓலைகளில் ஒரே வரி இருந்தது: 'நான் என் தந்தையாரை நினைத்துக்கொண்டேன்.' கோபம் வந்த நாளெல்லாம் அந்த வரியும் வந்திருந்தது. நெடுநேரம் கழித்து அதன் கீழே எழுதினார்: 'நான் பயந்தேன். நான் அவரைப் போல இல்லை என்று எல்லோரும் சொல்லிவிடுவார்களோ என்று பயந்தேன்.'

அறையில் யாருமே இல்லை. இருந்தாலும் எழுந்துபோய்க் கதவைச் சாத்திவிட்டு வந்தார்.

பத்தாம் நாள் அவை கூடியது. கோளரிராயர்தான் முதலில் எழுந்தார். "அரசே, மூத்த மகாராஜாவாக இருந்திருந்தால் இந்தப் பயலைப் பத்து நாள் விட்டுவைத்திருப்பாரா?"

ராஜாவின் காது மடல் சுட்டது. இந்தத் தடவை அது சுடுவதை அவரே கவனித்தார். சட்டென்று சிரித்துவிட்டார்.

"ராயரே, யானைப்பாகனைப் பற்றிச் சொன்னபோதும் என் தந்தையை இழுத்தீர். தூதன் வந்தபோதும் இழுத்தீர். எனக்கு எங்கே தொட்டால் வலிக்கும் என்று என்னைவிட உமக்கு நன்றாகத் தெரிந்திருக்கிறது. போகட்டும். செவத்தையா, மடையை ஏன் திறந்தாய்?"

"கரை பிளந்துச்சு சாமி. விட்டிருந்தா விடியறதுக்குள்ள ஊரே போயிருக்கும். தெற்கால திறந்தா வயலோட போயிரும்னு திறந்தேன்."

"யார் வயல்?"

செவத்தையன் தலையைக் குனிந்துகொண்டான். அமைச்சர் பதில் சொன்னார்: "கோளரிராயருடையது அரசே."

ராயரின் முகம் வெளுத்தது. ராஜா கத்தவில்லை. "வெள்ளம் கொண்டுவந்து உம்முடைய வயலை மூடிய மணலை நீரே வாரிக் கொட்டும். அது முடிகிறவரை இந்த அவைப்பக்கம் வர வேண்டாம்" என்றார். பாகனையும் தூதனையும் அழைத்து வர ஆள் அனுப்பினார். பிறகு அமைச்சரிடம் திரும்பினார்.

"எல்லாம் தெரிந்திருந்தும் அன்றைக்கே ஏன் சொல்லவில்லை?"

"சொல்லியிருந்தால் பக்கத்திலேயே எனக்கும் ஒரு கழுமரம் நட்டிருப்பீர்களே, அரசே!"

அவை கொல்லென்று சிரித்தது. ராஜாவும் சிரித்தார். தம் தோளில் கிடந்த பட்டுச் சால்வையை எடுத்து அமைச்சருக்குப் போர்த்தினார். அப்புறம் இறங்கிவந்து செவத்தையனின் கட்டைத் தாமே அவிழ்த்தார். "நான் தப்பு செய்துவிட்டேன்" என்றார்.

செவத்தையன் காலில் விழவில்லை. மணிக்கட்டைத் தடவிக்கொண்டே, "பத்து நாளா மடையை யாரு பாக்குறா சாமி? கரையை அடைச்சாச்சா?" என்று கேட்டான்.

"எனக்குத் தெரியவில்லை" என்றார் ராஜா. அவர் வாயிலிருந்து அந்தச் சொல்லை அந்த அவை அதுவரை கேட்டதேயில்லை. "வா, போய்ப் பார்க்கலாம். நீ முன்னால் நட."

மடைக்காவலன் முன்னே போக, ராஜா சேற்றில் பின்னே போனதைக் கொன்றைநாட்டு ஜனங்கள் கரையில் நின்று பார்த்தார்கள். அவர்கள் சொல்லித்தான் இந்தக் கதை நம் காதுவரை வந்தது.