வேறு வீட்டில் ஓடிய புரோகிராம்

“எல்லாம் செஞ்சு பாத்துட்டேன் டீச்சர். தொறக்கவே மாட்டேங்கு,” என்றார் சண்முகவேல்.

பார்வையற்றோர் பள்ளி அலுவலகத்தில் அவர் எழுத்தர். ஐம்பத்திரண்டு வயது. கணினியில் அவருக்குக் குரு ஹெப்சிபா டீச்சர். அவர் மகள் வயதுதான் இருக்கும், பிறவியிலேயே கண் தெரியாதவர்.

வினாத்தாளைப் பிரெயிலாக மாற்றும் பழைய புரோகிராம் விண்டோஸுக்காக எழுதப்பட்டது. எழுதியவர் இப்போது உயிரோடு இல்லை. பள்ளிக்கு வந்த புதுக் கணினியிலோ லினக்ஸ். நடுவில் நின்று அதை இதில் ஓட்டிக் கொடுக்க, வைன் என்ற மென்பொருளைப் போட்டிருந்தார்கள்.

மறுநாள் காலை பரீட்சை. தாள் வராவிட்டால் பத்தொன்பது பிள்ளைகளும் யாரோ வாசிக்கக் கேட்டுத்தான் எழுத வேண்டும். பிள்ளைகளுக்கு அது பிடிக்காது. டீச்சருக்கு அதைவிடப் பிடிக்காது. அவரும் அப்படி எழுதியவர்தான்.

என்னவெல்லாம் செய்தீர்கள் என்று கேட்டார்.

சண்முகவேல் பெருமையாக அடுக்கினார். திரையில் விண்டோஸில் இருந்த அதே பச்சைப் புல்வெளிப் படம். கீழே அதே நீலப் பட்டை. அதே ஐகான்கள், அதே இடத்தில். மூன்று நாள் வேலை. விண்டோஸே வந்து பார்த்தாலும் தன் வீடென்று நினைத்துச் செருப்பைக் கழற்றியிருக்கும்.

டீச்சர் முழுவதையும் கேட்டு முடித்தார்.

“குடிக்கக் கொஞ்சம் தண்ணி தாங்க அண்ணாச்சி.”

குருவே தன் அறைக்கு வந்து கேட்டுவிட்டாரே என்று சண்முகவேலுக்குக் கால் தரையில் பாவவில்லை. மின்விசிறியைத் திருப்பிவிட்டார். மெத்தை வைத்த நாற்காலியை இழுத்துப் போட்டார். கடைக்கு ஓடி டீயும் உளுந்தவடையும் வாங்கி வந்தார். சட்னி தனியாக.

“தண்ணிதான கேட்டேன்,” என்றார் டீச்சர்.

சண்முகவேலுக்கு வெட்கமாகிவிட்டது. தண்ணீரைக் கொடுத்துவிட்டு அப்படியே நின்றார்.

பிறகு சட்டென்று கணினி முன் உட்கார்ந்தார். புரோகிராமை மறுபடி ஓட்டினார். நின்றுபோகும் முன் அது திரையில் ஒரு வரி எழுதியது. மூன்று நாளாக எழுதிக்கொண்டிருந்த வரிதான், அவர்தான் ஒரு தடவைகூட வாசித்ததில்லை.

இன்ன கோப்பு வேண்டும் என்று இருந்தது. ஒன்றே ஒன்று.

புரோகிராமோடு வந்த பழைய குறுந்தகட்டில் அந்தக் கோப்பைத் தேடி எடுத்துப் போட்டார்.

பிரெயில் இயந்திரம் தடதடவென்று குத்த ஆரம்பித்தது. முதல் தாளை டீச்சர் விரலால் வாசித்தார். ஒரு பிழை இல்லை.

சண்முகவேலுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. ஆனால் ஒரு சந்தேகம் மட்டும் குடைந்தது.

“ஏன் டீச்சர், இது தன்னோட வீடு இல்லன்னு அந்தப் புரோகிராமுக்குத் தெரியாதா?”

டீச்சர் இரண்டாம் தாளுக்குக் கையை நீட்டினார்.

“அத அது இன்னும் கேக்கல அண்ணாச்சி.”