பேர் எழுதாத டம்ளர்கள்

"பிள்ளைங்க என்கிட்ட ஒரு கேள்விகூடக் கேக்க மாட்டேங்காங்க டீச்சர்" என்றார் தைரியநாதன்.

செண்பகவல்லி வண்டியின் பின்கதவைத் திறந்துவைத்து, கழுவிய குடுவைகளைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

பள்ளிக்கூடம் பள்ளிக்கூடமாகப் போய்ப் பிள்ளைகளுக்கு வேதியியல் செய்து காட்டும் வண்டி அது. நடத்துபவர் செண்பகவல்லி. தொழில் பழக வந்தவர் தைரியநாதன். குருவுக்குச் சிஷ்யரின் மகள் வயதுதான் இருக்கும். சிஷ்யரோ கல்லூரியில் வேதியியல் பேராசிரியராக இருந்து ஓய்வு பெற்றவர். படிப்பில் குறையே இல்லை. கொஞ்சம் கூடுதலாகவே இருந்தது, அதுதான் சங்கடம்.

"கை தட்டுதாங்கல்ல?"

"தட்டுதாங்க. மஞ்சள் தடவுன தாள்ல சோப்புத் தண்ணி விட்டா செவப்பாகும்னு சொன்னேன். ஆச்சு. தட்டினாங்க. யாருக்காவது சந்தேகம் இருக்கான்னு கேட்டேன்."

"என்ன சொன்னாங்க?"

"இல்லை சா...ர்னு ஒரே குரல்ல."

செண்பகவல்லி சிரித்துவிட்டார்.

"சிரிக்காதீங்க டீச்சர். காலேஜ்லயும் இதே கதைதான். அத்தனை வருஷம் நடத்தியிருக்கேன். ஒரு பயலும் வாயத் தொறந்து ஏன்னு கேட்டதில்ல. சின்னப் பிள்ளைங்களாவது கேக்கும்னுதான் இந்த வண்டில ஏறுனேன். நாளைக்கும் யாரும் கேக்கலைன்னா நான் வீட்டுக்குப் போயிருதேன். எனக்கு இது வரல."

சொல்லிவிட்டுச் சட்டைப் பையிலிருந்த சாக்பீஸ்களை எடுத்து வண்டிக்குள் வைத்தார்.

"போர்டுல என்ன எழுதுவீங்க சார்?"

"நோக்கம், செய்முறை, காண்பன, அறிவன. முறைப்படி."

"எப்போ எழுதுவீங்க?"

"ஆரம்பிக்கதுக்கு முன்னாடியே. அப்பத்தானே பிள்ளைங்களுக்குப் புரியும்?"

செண்பகவல்லி ஈரத்துணியை எடுத்தார். வெள்ளைப் பொடி இருந்த புட்டிகளில் ஒட்டியிருந்த லேபிள்களை ஒவ்வொன்றாக நனைத்து உரித்துப் போட்டார்.

தைரியநாதன் பதறிப்போனார்.

"என்ன டீச்சர் இது? லேபிள் இல்லாத புட்டியக் கண்டா நான் கீழ ஊத்தச் சொல்லிருவேன்!"

"அமிலத்தையும் தீப்பெட்டியையும் பெட்டில வச்சுப் பூட்டியாச்சு சார். இது எல்லாம் சமையற்கட்டுச் சாமான். வாயில மட்டும் யாரும் வைக்கக் கூடாது."

"எது எதுன்னு எனக்கு எப்படித் தெரியும்?"

"நாளைக்கு நிகழ்ச்சி உங்களோடது" என்றார் செண்பகவல்லி. புட்டிகளைப் பையில் போட்டு எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

மறுநாள் போனது சின்ன ஊர். ஒன்றாம் வகுப்பிலிருந்து எட்டாம் வகுப்புவரை எல்லாப் பிள்ளைகளையும் ஒரே கூடத்தில் உட்கார வைத்திருந்தார்கள். பொடிசுகள் முன்னால், பெரியவர்கள் பின்னால்.

மேசைமேல் செண்பகவல்லி வைத்திருந்த எவர்சில்வர் டம்ளர்கள். எல்லாவற்றிலும் வெள்ளைப் பொடி. பக்கத்தில் கிண்ணங்களில் தண்ணீர், எலுமிச்சம்பழம், மஞ்சள்.

தைரியநாதன் சாக்பீஸை எடுத்தார். நோக்கம் என்று எழுதினார். அடுத்த வரிக்குக் கை போகவில்லை. என்ன காணப் போகிறோம் என்று தெரிந்தால்தானே காண்பன எழுதுவதற்கு?

முன்வரிசையில் ஒரு வாண்டு எழுந்து நின்றது. பெயர் பேச்சித்தாய், ஒன்றாம் வகுப்பு.

"தாத்தா, அது என்னது?"

"தெரியல" என்றார் தைரியநாதன். வேறு வழியில்லை, உண்மையைத்தான் சொன்னார்.

கூடம் கொல்லென்று சிரித்தது.

"வாத்தியாருக்கே தெரியலையாம்ல!"

தன்னிடம் ஒரு கேள்வி வந்துவிட்டது என்பதுகூட அவருக்கு உறைக்கவில்லை. மானம் போகிறதே என்ற கவலையில் நின்றார்.

"தண்ணில போட்டுப் பாக்கலாமா சார்?" பின்னாலிருந்து ஒரு குரல்.

"வா. வந்து போடு."

ஒருவன் வந்தான். அவனைப் பார்த்து நாலு பேர் வந்தார்கள். ஒவ்வொரு டம்ளரிலிருந்தும் ஒரு சிட்டிகை எடுத்துக் கிண்ணத்துத் தண்ணீரில் போட்டார்கள். ஒரு பொடி கரையாமல் அடியில் தங்கியது. மற்றவை கரைந்தன.

"எலுமிச்சம்பழம் பிழியட்டுமா சார்?"

"பிழி."

ஒன்று புசுபுசுவென்று பொங்கியது. "சமையல் சோடா!" என்று ஐந்தாம் வகுப்பு கூவியது. அடுத்த நிமிஷம் கரையாமல் கிடந்த பொடியும் நுரைத்தது. ஐந்தாம் வகுப்பு எழுந்து நின்று எட்டிப் பார்த்தது.

"அதும் சோடாவா சார்? சோடான்னா ஏன் கரையல?"

தைரியநாதன் வாயைத் திறப்பதற்குள் பேச்சித்தாய் மேசைக்கு வந்துவிட்டாள். அந்தப் பொடி இருந்த டம்ளரில் கைவிட்டு ஒரு பிடி எடுத்தாள். தரையில் குத்தவைத்து உட்கார்ந்து விரலிடுக்கில் விட்டாள். கோடு நூல் பிடித்த மாதிரி ஓடியது.

"கோலப்பொடி" என்றாள். பாவாடையில் கையைத் துடைத்துக்கொண்டு தன் இடத்தில் போய் உட்கார்ந்தாள்.

கூடமே கை தட்டியது. முதலில் தட்டியவர் தைரியநாதன். கோலப்பொடி சுண்ணாம்புக்கல், அதுவும் புளிப்புப் பட்டால் நுரைக்கும் என்பது அவருக்கு அப்போதுதான் ஞாபகம் வந்தது.

இன்னொரு டம்ளரை ஒருவன் ஜன்னலோரம் கொண்டுபோனான். அங்கே எறும்புச் சாரை போய்க்கொண்டிருந்தது. ஒரு சிட்டிகை வைத்தான். சாரை வளைந்து திரும்பியது.

"சீனி சார்! நாங்க வாயில வைக்கல, எறும்புதான் வச்சுச்சு!"

மிச்சம் ஒரே ஒரு டம்ளர். கரைகிறது, பொங்கவில்லை. எறும்பு சீந்தவில்லை. மஞ்சள் தண்ணீரும் நிறம் மாறவில்லை.

"உப்பு" என்றது பாதிக் கூடம்.

"படிகாரம்" என்றது மீதிக் கூடம்.

இதற்குள் தைரியநாதன் சட்டைக் கையை மடித்துவிட்டிருந்தார். முகமெல்லாம் கோலப்பொடி.

எட்டாம் வகுப்பு முத்துப்பேச்சி எழுந்தாள். "உப்புன்னா தீயில போட்டா வெடிக்கும் சார். எங்கம்மா தம்பிக்குச் சுத்திப் போடுதப்ப படபடன்னு வெடிக்கும்."

"ஏ, அது கல்லுப்பு" என்றான் ஒருவன். "இது பொடி. பொடி எப்படி வெடிக்கும்?"

முத்துப்பேச்சி யோசித்தாள். பிறகு நேராக அவரிடம் திரும்பினாள்.

"கல்லுப்பு ஏன் சார் வெடிக்கு? பொடியுப்பும் வெடிக்குமா?"

தைரியநாதன் அவளையே பார்த்துக்கொண்டு நின்றார். இதற்காகத்தானே இத்தனை வருஷம் காத்திருந்தார். முதல் கேள்விக்குப் பதில் நாக்கு நுனியில் இருந்தது. இரண்டாவதை அவர் எந்தப் பரிசோதனைக் கூடத்திலும் செய்து பார்த்ததில்லை.

மதியச் சாப்பாட்டு மணி அடித்தது.

ஒரு பிள்ளைகூட எழுந்திருக்கவில்லை. தட்டுகள் எல்லாம் மடியிலேயே இருந்தன.

தலைமையாசிரியைக்கு இது புதுசு. மணி அடித்தால் கூடம் காலியாகிற வேகம் அவருக்குத் தெரியும். கொஞ்ச நேரம் பொறுத்துப் பார்த்தார். பிறகு சுவரோரம் நின்றிருந்த செண்பகவல்லியிடம் வந்தார்.

"சோறு ஆறுது டீச்சர். அதுல என்ன இருக்குன்னு நீங்களே சொல்லிருங்க. பிள்ளைங்க சாப்பிடப் போகட்டும்."

செண்பகவல்லி வாயைத் திறந்தார்.

"சொல்லாதீங்க!"

தைரியநாதன் போட்ட சத்தத்தில் எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள்.

அவர் டம்ளரை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு சத்துணவு அடுப்பைப் பார்த்து நடந்துகொண்டிருந்தார். பின்னால் பள்ளிக்கூடமே எழுந்து போனது.