நானூத்தம்பது எங்க போச்சு

போர்வைய இழுத்துப் போத்திக்க. காலைத் தூக்கி என் மேல போடாத, கனக்குது. கதை கேக்குறவ "ம்" சொல்லணும். "ம்" நின்னா கதையும் நின்னுரும். சரியா?

"ம்."

ஒரு ஊர்ல ஒரு அஞ்சாங்கிளாஸ் இருந்துச்சு. ராஜா கிடையாது, ராணி கிடையாது, அஞ்சாங்கிளாஸ்தான். இருபத்தெட்டு புள்ளைங்க, ஒரு டீச்சர். ஒரே கூடத்துல இந்தப் பக்கம் அஞ்சாங்கிளாஸ், அந்தப் பக்கம் நாலாங்கிளாஸ், நடுவுல மறைப்புக்கு ஒரு பீரோ. பின்னாடி சத்துணவுக் கூடம். அங்க சமைச்சது யாரு? உங்க அத்தைதான். அதனால இந்தக் கதையில பொய் கம்மி.

டீச்சர் பேரு ரூபாவதி. நல்லவங்கதான், கை நீட்ட மாட்டாங்க. ஆனா பாடத்த முடிக்கணும் முடிக்கணும்னு பறப்பாங்க. போர்டுல டக் டக் டக்குன்னு எழுதுவாங்க, எழுதிட்டுத் திரும்பிக்கூடப் பாக்காம "புரிஞ்சுதா?"ம்பாங்க. ஒடனே கிளாஸே "புரிஞ்சுதுங்க டீச்ச்ச்சர்"னு இழுக்கும். முதல் குரல் கிளாஸ் லீடர் முத்திருளனோடது. அவன் எடுத்துக் குடுப்பான், மத்ததுங்க பின்பாட்டு. புரிஞ்சுதுன்னா டீச்சர் அடுத்த பக்கத்துக்குப் போயிருவாங்க. புரியலன்னா அதே பக்கத்துல நிப்பாங்க. அது யாருக்கு வேணும்?

"ம்."

அந்தக் கிளாஸ்ல அழகுநாச்சின்னு ஒரு பொண்ணு. நாச்சின்னு கூப்பிடுவோம். அவ தங்கச்சி பொன்னி பீரோவுக்கு அந்தப் பக்கம், நாலாங்கிளாஸ். அப்போ ஒரு திங்கக்கிழமை டீச்சர் என்ன சொன்னாங்க? "வெள்ளிக்கிழமை வகுத்தல் பரீட்சை. தப்பாப் போடுறவங்க பையைத் தூக்கிக்கிட்டு நாலாங்கிளாஸ்ல போய் உக்காரணும்."

நாச்சி பீரோவுக்கு அந்தப் பக்கம் எட்டிப் பாத்தா. தங்கச்சி பக்கத்துல போய் உக்கார்றதுன்னா சும்மாவா? பொன்னி அத வீட்டுல போய்ச் சொல்லும். எதிர்வீட்டுலயும் சொல்லும். சொல்லாதன்னா தெருவுக்கே சொல்லும்.

அப்புறம் டீச்சர் கணக்குப் போட்டாங்க. ஐநூத்திப் பதினஞ்ச அஞ்சால வகுக்கணும். "அஞ்சுல அஞ்சு ஒரு தடவ. ஒண்ணுல அஞ்சு போகாது, சைபர் போடு. அடுத்தத இறக்கு. பதினஞ்சுல அஞ்சு மூணு தடவ. நூத்தி மூணு. புரிஞ்சுதா?"

"புரிஞ்சுதுங்க டீச்ச்ச்சர்."

நாச்சி மட்டும் எந்திரிச்சா. "எனக்குப் புரியல டீச்சர்."

கிளாஸ் கெக்கெக்கேன்னு சிரிச்சுது. டீச்சர் மறுபடி சொன்னாங்க. அதையே சொன்னாங்க. ஒரு எழுத்து மாறல, சத்தம் மட்டும் கூட. நாச்சிக்குக் காது முன்னாடியே நல்லாத்தான் கேட்டுச்சு.

"ம்."

செவ்வாக்கிழமை. மறுபடி எந்திரிச்சா. "சைபர் ஏன் டீச்சர் போடணும்?"

"போகலன்னா போடணும்."

"போகலன்னா ஏன் போடணும்?"

"முத்திருளா, நீ சொல்லு."

"போகலன்னா போடணும் டீச்சர்."

"கேட்டியா? அத ஐம்பது தடவ எழுதிட்டு வா." பக்கத்துல இருந்தவ நாச்சி பாவாடையப் பிடிச்சு இழுத்தா. "புரிஞ்சுதுன்னு சொல்லித் தொலையேண்டி, சோத்து மணி அடிக்கப் போவுது."

நாச்சி ஐம்பது தடவ எழுதினா. கையெழுத்து முத்து முத்தா வந்துச்சு. கணக்கு அப்படியே கெடந்துச்சு.

தூங்கிட்டியா? "ம்"மக் காணோம்.

"இல்ல அத்தை. ம்."

புதன்கிழமை மூணாவது தடவ எந்திரிச்சா. "டீச்சர், நான் சைபர் போடாம போட்டேன். பதிமூணு வந்துச்சு. அஞ்சு பேருக்குப் பதிமூணு பதிமூணா குடுத்தா அறுபத்தஞ்சுதானே ஆவுது? அப்ப மீதி நானூத்தம்பது எங்க போச்சு?"

டீச்சர் சாக்பீஸால போர்டத் தட்டினாங்க. "சைபர் போட்டா வந்துரும்."

"சைபர்னா ஒண்ணுமில்லதானே டீச்சர்? ஒண்ணுமில்லாததுல நானூத்தம்பது எப்படி வரும்?"

டொக். சாக்பீஸ் ஒடைஞ்சுது. அப்போ டீச்சர் சொன்னாங்க, "எனக்குத் தெரியல நாச்சி. எங்க டீச்சர் என்னைக் கேட்டப்போ, நானும் புரிஞ்சுதுன்னுதான் சொன்னேன்."

சொல்லிட்டு என்ன பண்ணாங்க தெரியுமா? கைப்பையை எடுத்தாங்க. பீரோவைச் சுத்திக்கிட்டு அந்தப் பக்கம் போனாங்க. நாலாங்கிளாஸ் சார் அன்னைக்கு வாக்காளர் பட்டியல் வேலைக்குப் போயிருந்தார். புள்ளைங்க பேன் பாத்துக்கிட்டு இருந்துச்சுங்க. டீச்சர் பொன்னி பக்கத்துல சம்மணம் போட்டு உக்காந்துட்டாங்க.

பொன்னி நகந்து எடம் விட்டுச்சு. "தப்பாப் போட்டாத்தானே டீச்சர் இங்க வரணும்?"

"ஆமா"ன்னாங்க.

யாரும் சிரிக்கல. நாச்சிக்கு அழுகையே வந்துருச்சு. நம்மளாலதான் டீச்சருக்கு இந்தக் கதின்னு நெனைச்சா. ஓடிப் போய், "டீச்சர், வாங்க டீச்சர், எனக்குப் புரிஞ்சுருச்சு"ன்னா.

"பொய் சொல்லாத. எனக்கும் புரியணும்"னு சொல்லிட்டு டீச்சர் உக்காந்தே இருந்தாங்க.

அப்போ பொன்னி சொல்லுச்சு, "நாங்கல்லாம் கொட்டை வச்சுத்தான் போடுவோம்."

"ம். அப்புறம்?"

அப்புறம் நாச்சி தடதடன்னு என்கிட்ட ஓடி வந்தா. "அக்கா, புளியங்கொட்டை வேணும். ஐநூத்திப் பதினஞ்சு." சமையல்காரிகிட்ட புளியங்கொட்டைக்கா பஞ்சம்? சலசலன்னு முந்தானையில கொட்டிக்கிட்டு நானே போனேன். ரெண்டு கிளாசும் தரையில உக்காந்து எண்ணுச்சுங்க. ஒரே இரைச்சல். பழைய பேப்பர்ல நூறு நூறா அஞ்சு பொட்டலம், பத்துல ஒரு பொட்டலம், உதிரியா அஞ்சு. ஹெட்மாஸ்டர் எட்டிப் பாத்து, "என்னம்மா சந்தக்கடையா இது?"ன்னார். "படிக்கிறாங்க சார்"னாங்க டீச்சர். அவர் நம்பல. ஆனா போயிட்டார்.

அஞ்சு புள்ளைங்கள வரிசையா உக்கார வச்சு ஆளுக்கு ஒரு நூறு பொட்டலம் குடுத்தாச்சு. அடுத்து அந்தப் பத்துப் பொட்டலம். டீச்சர் அத முத்திருளன் கையில குடுத்து, "பிரிக்காம அஞ்சு பேருக்கும் குடு"ன்னாங்க. அவன் திருப்பித் திருப்பிப் பாத்தான். "முடியாது டீச்சர்."

"அப்ப ஆளுக்கு எத்தனை பத்துப் பொட்டலம்?"

"ஒண்ணுமில்ல."

நாச்சி குதிச்சா. "அந்த ஒண்ணுமில்லதான் சைபர் டீச்சர்! அத எழுதாம விட்டா நூறு நகந்து பத்து எடத்துல வந்து உக்காந்துக்குது! ஆளுக்குத் தொண்ணூறு போச்சு, அஞ்சு பேருக்கு நானூத்தம்பது!"

அப்புறம் பொட்டலத்தப் பிரிச்சாங்க. பத்தும் உதிரி அஞ்சும் பதினஞ்சு, ஆளுக்கு மூணு. டீச்சர் ஒரு நூறு பொட்டலத்தையும் மூணு கொட்டையையும் மடியில வச்சுக்கிட்டு ரொம்ப நேரம் பாத்தாங்க. கண்ணு கலங்கிருச்சு. "இருபது வருஷமா எத்தனை புள்ளைங்க இப்படியே தலையாட்டிட்டுப் போச்சோ"ன்னாங்க. எனக்கும் மனசு கஷ்டமாத்தான் இருந்துச்சு. நானும் கரண்டியும் கையுமா அங்கேயே நின்னுட்டேன், சாம்பார் அடிப்பிடிச்சுப் போச்சு. புள்ளைங்க ஒரு வார்த்தை சொல்லாம சாப்பிட்டுச்சுங்க.

"ம்..."

வெள்ளிக்கிழமை பரீட்சை. நாச்சி பத்துக்குப் பத்து சரி. இருபத்தஞ்சு பேர் தேறிட்டாங்க. மூணு பேர் தப்பு. அதுல ஒருத்தன் யாரு?

"முத்திருளன்..."

அவனேதான். யாரும் சொல்லாமலே பையைத் தூக்கிக்கிட்டு, தலையத் தொங்கப் போட்டுக்கிட்டு பீரோ பக்கம் நடந்தான்.

"எங்கடா போறே?"ன்னாங்க டீச்சர்.

"நாலாங்கிளாஸுக்கு டீச்சர்."

"வேண்டாம். இங்க வா, என் பக்கத்துல உக்காரு. எங்கேர்ந்து புரியலன்னு சொல்லு."

முத்திருளன் நின்னான். கூரையப் பாத்தான், காலப் பாத்தான். இருக்குற தைரியத்தையெல்லாம் ஒண்ணு கூட்டிக்கிட்டு வாயைத் தொறந்தான்.

"மூணாங்கிளாஸ்லேர்ந்து டீச்சர்."

டீச்சர் திட்டல. மூணாங்கிளாஸ் புத்தகத்த எடுத்துட்டு வரச் சொல்லி ஆள் அனுப்பினாங்க. புத்தகம் வந்துச்சு, முதப் பக்கத்தப் பிரிச்சாங்க.

அவங்க மெதுவாப் படிக்கட்டும், நாளாகும். கதை இங்க இறங்கிருச்சு, நீ கண்ண மூடித் தூங்கு.