ஆற்று மணலுக்கு ஒரு பரிவட்டம்

என் பெயர் இளம்பரிதி, வயது இருபத்து நான்கு, மஸ்கட்டிலிருந்து பேசுகிறேன். வீட்டில் எல்லாரும் கேளுங்கள்.

முன்னொரு காலத்தில், எந்த நாடு என்று மட்டும் கேட்காதீர்கள், ஒரு ராஜாவுக்குத் திடீர் ஆசை வந்தது. மலைக்கோயிலுக்கு வரும் ஜனங்கள் ஏற்றும் கார்த்திகை விளக்கை அரண்மனை மாடியில் நின்றபடியே பார்க்க வேண்டுமாம். ஜனங்கள் வழக்கமாகத் தங்கும் மேட்டு மண்டபம் மாடியிலிருந்து தெரியாது. ஆற்று மணல் நன்றாகத் தெரியும். ஆகவே பிரதானியும் தளவாயும் எல்லாரையும் மணலில் கூடாரம் அடித்துத் தங்க வைத்தார்கள். ராஜா விளக்கைப் பார்த்துப் பூரித்துப் போய்ப் படுத்தார். விடியுமுன் மலையில் மழை கொட்ட, ஆறு தன் இடத்தைக் கேட்டு வந்துவிட்டது.

நல்ல வேளை, மரத்திலும் பாறையிலும் தொற்றிக்கொண்டு அத்தனை பேரும் பிழைத்தார்கள். ஆனால் மாற்றுத் துணி, பாத்திரம், கட்டுச்சோறு எல்லாம் போயின. ஈரத் துணியோடு வந்து அரண்மனை வாசலில் உட்கார்ந்துவிட்டார்கள்.

யார் பொறுப்பு என்று ராஜா சபையில் சீறினார். தம் ஆசை அவருக்கு மறந்தே போயிருந்தது. சபையில் வேறு யாருக்கும் மறக்கவில்லை, ஆனால் யார் சொல்வது? பிரதானி மெல்ல விகடகவி சடையாண்டியைக் காட்டினார். முதல் நாள் அவன் கூடாரங்களைப் பார்த்து, 'ஆத்துக்குக் கொஞ்சம் வழி விட்டுப் படுங்கப்பா' என்று சொன்னானாம். அவனுக்குக் கருநாக்கு, சொன்னது பலித்துவிட்டது என்றார். தளவாயும் ஆமாம் போட்டார்.

"பொழுது சாயறதுக்குள்ள பொறுப்பாளி எவன்னு இந்தச் சபைக்குத் தெரியணும்," என்று சடையாண்டியைப் பார்த்துச் சொன்னார் ராஜா. "இல்லேன்னா உன் நாக்கு உனக்கில்லை."

சடையாண்டி வீட்டுக்கு வந்து பெண்டாட்டி பவளாயியிடம் புலம்பினான். உண்மையைச் சொன்னால் தலை போகும், சொல்லாவிட்டால் நாக்கு போகும்.

"நீ ஏன்யா சொல்ற? அவங்க வாயைப் பிடுங்கு," என்றாள் அவள், முறத்திலிருந்து தலையைத் தூக்காமலே. "நாக்கு போனா வீடு அமைதியாத்தான் இருக்கும். ஆனா உன் பிழைப்பே அதுதானே."

சாயங்காலம் சடையாண்டி சபைக்கு ஒரு தாம்பாளத்தோடு வந்தான். அதில் கோயில் பரிவட்டம். யாத்திரைக்கு வந்தவர்களுக்குத் தங்க இடம் கொடுத்தவர் தலையில் அந்தப் பட்டுத் துணியைக் கட்டுவது அந்த ஊர் வழக்கம். கட்டிக்கொண்டவர் குடும்பத்துக்கு அடுத்த கார்த்திகை வரை கோயிலில் முதல் மரியாதை. இந்த வருஷம் உரிமை கேட்க யாரும் வராததால் பட்டைப் பக்கத்து நாட்டுக்கு அனுப்பப் போவதாக அவன் வருத்தத்தோடு சொன்னான்.

பிரதானிக்கு உட்கார முடியவில்லை. "இடம் பார்த்தது நான். தளவாய் அப்போ குதிரை லாயத்துல தூங்கிட்டிருந்தார்."

"இவர் விரலை நீட்டினார், அவ்வளவுதான்," என்று எழுந்தார் தளவாய். "கூடாரம் அடிச்சது என் ஆளுங்க. மண்டபத்துலயே படுக்கிறோம்னு அடம் பிடிச்சவங்களை இழுத்துட்டு வந்ததும் நாங்கதான்."

"அப்படின்னா மணலுக்கு நீங்க ரெண்டு பேரும்தான் பொறுப்பு," என்றான் சடையாண்டி. "மகாராஜா தேடினது கிடைச்சாச்சு."

பிரதானி கைகூப்பினார். "நாங்களா செய்வோமா? மகாராஜாதானே மாடியிலேர்ந்து விளக்குப் பார்க்கணும்னு சொன்னார்."

சாமரம் வீசியவளின் கைகூட நின்றுபோனது. சடையாண்டி தாம்பாளத்தோடு நேராகச் சிம்மாசனத்துக்குப் போனான்.

"நான் ஒண்ணும் சொல்லலை மகாராஜா. என் நாக்கு வாய்க்குள்ளயே இருக்கு. கொஞ்சம் தலையைக் குனிஞ்சீங்கன்னா கட்டிடுவேன்."

ராஜாவின் முகம் சிவந்தது. வாசலில் ஈரத் துணியைப் பிழிந்துகொண்டிருந்தவர்களைச் சாளரம் வழியே பார்த்தார். பிறகு தோள் குலுங்கச் சிரித்தார். "என்னைப் பிடிக்க நானே ஆள் அனுப்பியிருக்கேன்," என்று தலையைக் குனிந்தார்.

பரிவட்டம் கட்டிய தலையோடு வாசலுக்குப் போய், தப்பு தன்னுடையது என்றார். களஞ்சியத்தைத் திறந்து எல்லாருக்கும் சோறும் துணியும் கொடுக்கச் செய்தார். சடையாண்டிக்குத் தன் முத்துமாலையைப் போட்டார். மேட்டு மண்டபத்தைப் பெரிதாக்கிக் கட்டும் வேலையைப் பிரதானிக்கும் தளவாய்க்கும் கொடுத்தார். அது முடியும்வரை இருவரும் ஆற்று மணலில்தான் படுக்க வேண்டும் என்றும் சொன்னார். அந்த நாட்டில் அவ்வளவு வேகமாக எழும்பிய கட்டடம் வேறு கிடையாது.

இதைக் கேட்கிறவர்கள் யாராக இருந்தாலும் சரி, கார்த்திகைக்கு மலைக்குப் போனால் தயவுசெய்து மேட்டிலேயே தங்குங்கள்.