மாதேஷின் வலது கால்

"மூணு வாரமா ஒண்ணுமே கத்துக்கலை, மேடம்" என்றாள் ஜெசிந்தா.

நாகர்கோவிலிலிருந்து சேலத்துக்கு வந்திருந்தாள். பிசியோதெரபி கடைசி வருஷம். ஆஸ்பத்திரியில் ஆறு மாதப் பயிற்சி. ஹாஸ்டல் சாப்பாடு ஒத்துக்கொள்ளவில்லை. பேச ஆளில்லை. கொடுத்த வேலையும் ஒன்றே ஒன்றுதான்: தினமும் வருகிறவர்களை வராந்தாவில் நடக்க வைப்பது.

சொந்த ஊருக்கே மாற்றல் கேட்டு எழுதிய கடிதத்தை மேசையில் வைத்தாள்.

துறைத் தலைவி தாட்சாயணி படித்துப் பார்த்தார். முகத்தில் மாற்றம் ஏதும் இல்லை. பேனாவைத் திறந்தார்.

"தாராளமா போ. உனக்கு அப்புறம் வர்ற பொண்ணுக்கு உன் பேஷண்டுகளைப் பத்தி எழுதி வச்சிட்டுப் போ."

ஜெசிந்தா நின்றபடியே எழுதிக் கொடுத்தாள். பத்து நிமிஷம்கூட ஆகவில்லை.

தாட்சாயணியின் விரல் ஒரு வரியில் நின்றது.

"மாதேஷ், நாற்பத்தொன்று. வாக்கரோடு ஐம்பது அடி நடக்கிறார். யாரு இவரு?"

"வலது கணுக்கால் முறிவு, மேடம். பிளேட் வச்சிருக்கு."

"அது கால். ஆளு யாரு?"

ஜெசிந்தா தான் எழுதிய தாளை எட்டிப் பார்த்தாள்; அதில் அது இல்லை. மூன்று வாரமாக அந்த மனிதரின் கையைப் பிடித்து நடத்தியவள் அவள்தான்.

தாட்சாயணி பேனாவை மூடினார்.

"கேட்டுட்டு வா."

மாதேஷ் வராந்தா பெஞ்சில் அவளுக்காகத்தான் காத்திருந்தார். அவளைப் பார்த்ததும் வாக்கரைப் பிடித்து எழுந்திருக்கப் போனார்.

"இருங்கண்ணா. நீங்க என்ன வேலை பார்க்கிறீங்க?"

"ஷேர் ஆட்டோ ஓட்டறேன். சொந்த வண்டி."

"மறுபடி எப்போ ஓட்டப் போறீங்க?"

அவர் தன் பாதத்தைப் பார்த்துக்கொண்டே சொன்னார்.

"நேத்து வண்டில ஏறி உக்காந்து பார்த்தேன். பிரேக் பாதிதான் இறங்குது. அதுக்கு மேல கால் அழுத்த மாட்டேங்குது. வித்துடலாம்னு வீட்ல சொல்றாங்க. நாளைக்கு ஒரு ஆளு பார்க்க வர்றான்."

"இதை ஏன் என்கிட்ட சொல்லலை?"

"நீங்க நடக்கத்தானே சொன்னீங்க. நடந்து நான் எங்கேம்மா போகப் போறேன்?"

அவர் கோபமாகச் சொல்லவில்லை. அவளுக்குத்தான் முகம் சுட்டது.

வாக்கரை ஓரமாகத் தள்ளினாள். அவர் எதிரே தரையில் உட்கார்ந்தாள். வலது காலின் செருப்பைக் கழற்றி, உள்ளங்காலில் தன் கையை வைத்தாள்.

"மிதிங்கண்ணா" என்றாள்.